மிதியிலிருந்து எடுத்த கால்

மார்ச் 3, திங்கள்

பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து, காலை முழுக்க இருபத்தேழாம் தடத்துப் பேருந்துகளைச் சுற்றுவழியில் விட்டுக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ரேடியோவில் ஓட்டுநர்களுக்கு வழி சொல்வது என் பிழைப்பு. நாற்காலியும் நானும் சேர்ந்தே தேய்கிறோம்.

மத்தியானம் மேலாளர் வந்தார். பணியாளர் வாரம் கொண்டாடப் போகிறார்களாம். கண்ணில் படாமல் உழைப்பவர்களை ஊருக்குக் காட்ட வேண்டுமாம். பேருந்தின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு எங்கள் படங்கள். பட்டறையிலிருந்து மீசைக்கார மெக்கானிக், வண்டி கழுவும் அம்மா, அப்புறம் நான். ஓட்டுநர்கள்தான் என் பெயரைச் சொன்னார்களாம். அவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும்.

படம் வேண்டாம் என்றேன். என் மூஞ்சி பஸ் அளவுக்குப் பெரிதானால் எதிரே வருகிறவன் பிரேக் போட மறந்துவிடுவான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. நானும் பாப்பாவும் இந்த ஊரில் இருப்பது தெரியக்கூடாத ஓர் ஆள் இருக்கிறான். பாப்பாவின் அப்பா. என் மணிக்கட்டை உடைத்தவன். எங்களை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. தடை என் பெட்டிக்குள் இருக்கிறது, அவன் காலில் இல்லை.

படம் இல்லையென்றால் குரல் கொடுங்கள் என்றார் மேலாளர். பேருந்துக்குள் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் இயந்திரக் குரலை அந்த வாரம் முடியும்வரை எடுத்துவிட்டு, என் குரலைப் போடுவார்களாம். தப்பித்தேன் பிழைத்தேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

இன்று குரல் பதிவு. டெக்னீஷியன் தம்பி பொருள் வைக்கும் அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் என்னை உட்கார வைத்தான். ஊரிலுள்ள அத்தனை நிறுத்தங்களையும் சொன்னேன். கடைசியில், “உங்கள் பயணத்துக்குப் பின்னால் இருக்கும் கைகளில் ஒருத்தி பேசுகிறேன். பார்த்து இறங்குங்கள்.” அதை மூன்று முறை சொல்ல வைத்தான். புன்னகையோடு சொல்லுங்கள் அக்கா என்றான். ரேடியோவில் யாருக்கும் நான் புன்னகை கொடுத்ததில்லை, திட்டுதான் கொடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. என் குரலை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 10, திங்கள்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

வேலை முடிந்து பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கதவு மூடியதும் என் குரல் வந்தது. பாப்பா ‘அம்மா!’ என்று கத்தி மேலே கையைக் காட்டினாள். நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த நிறுத்தத்தின் பெயர் வந்தது. அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆளுக்கு என் முகத்தைவிட என் குரல்தான் நன்றாகத் தெரியும். வேலைக்குப் போன இடத்திலிருந்து ஃபோன் போட்டு, “பேசிக்கிட்டே இரு” என்பான். நான் பேச வேண்டும். என்ன பேசுகிறேன் என்பது அவனுக்கு முக்கியமில்லை. குழாய் திறந்திருக்கிறதா, கதவு சாத்தும் சத்தம் வருகிறதா, என் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். என் தொண்டையை அவன் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். முகத்தை ஒளித்துவிட்டு அதை எடுத்து ஊர் முழுக்க ஓட விட்டிருக்கிறேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்.

ரேடியோவிலும் தினம் பேசுகிறேனே? அது ஓட்டுநரின் தடுப்புக்குள், என்ஜின் இரைச்சலுக்கு நடுவே கரகரக்கிற குரல். இது அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்தே போனோம், நடந்தே வந்தோம். பாப்பாவுக்குக் கால் வலி. உடம்புக்கு நல்லது என்று பொய் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

டெக்னீஷியன் தம்பியிடம் குரலை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்றான். ‘ழ’கரம் சரியாக வரவில்லை என்றேன். “அடுத்த வாரம் வரைக்குந்தானே அக்கா, எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க” என்றான். மேலாளர் சொல்லாமல் கை வைக்க முடியாதாம். மேலாளரிடம் போனால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் அலுவலகம் முழுக்க ‘ஐயோ பாவம்’ என்று பார்க்கும். இங்கே என்னைப் பார்த்து யாரும் பாவப்பட்டதில்லை, பயந்துதான் பழக்கம். அதையும் இழக்க வேண்டுமா?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் இருப்பது வேறு ஊரில். எதற்கு இங்கே வரப் போகிறான்?

மார்ச் 13, வியாழன்

வந்துவிட்டான்.

மத்தியான இடைவேளையில் விசாரணை கவுண்டர் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உங்களுக்கு ஒரு ரசிகர் வந்திருந்தார் அக்கா என்றாள். பஸ்ஸில் பேசும் குரல் யாருடையது, எங்கே வேலை செய்கிறார்கள், நேரில் பாராட்ட முடியுமா என்று கேட்டாராம். ரொம்பத் தன்மையான மனுஷராம், வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டாராம். சொன்னாயா என்று கேட்டேன். பணியாளர் விவரம் வெளியே சொல்லக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

ஆள் எப்படி இருந்தார்? சாதாரணமாக இருந்தார் என்றாள். அப்புறம் யோசித்து, பேசும்போது டிக்கெட்டை நாலாக, எட்டாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார் என்றாள்.

அவன்தான். என் எதிரில் உட்கார்ந்து எதைச் செய்யலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் கையில் கிடைத்த காகிதத்தை அப்படித்தான் மடிப்பான். அவன் தன்மையாகப் பேசுகிறான் என்றால் இன்னும் பயம்.

சீட்டுக்கு வந்தேன். முழங்கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் துடைக்க வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. நிகழ்ச்சி நிற்கவே நிற்காது. ஊரில் யாரிடம் சொன்னாலும் சொல்லலாம், இவரிடம் சொல்லக்கூடாது. அவரிடம் போய்ச் சொல்லித் தொலைச்சேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். மணிக்கட்டு, ஃபோன், தடை, டிக்கெட்டு, எல்லாம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவர் அதற்கப்புறம் சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ரேடியோவில் எவரும் கிண்டல் செய்யவில்லை. தாமதத்துக்குத் திட்டினால் மறுபேச்சுப் பேசும் பெண் ஓட்டுநர்கூட இன்று “சரிங்கக்கா” என்றாள். பட்டறைக்காரர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் அம்மா காரணமே இல்லாமல் என் வீட்டு விலாசத்தைக் கேட்டுச் சரிபார்த்தார்.

சொல்லிட்டாரு. சத்தியம் பண்ணிட்டு சொல்லிட்டாரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஒருத்தர் தெரியாமல் அவன் காதில் போட்டால் போதுமே. திங்கட்கிழமை அவருக்கு இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வெளியே போகவில்லை. பாப்பா ஜன்னல் திரையை ஏன் மூடினாய் என்று கேட்டாள். வெயில் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று மணி வாக்கில் வானொலி தேநீர் குடிக்கப் போயிருந்தார். மேற்பார்வையாளர் அம்மா அடுத்த அறையில் ஃபோனில். நான் மட்டும்தான். இருமல் அண்ணன் கூப்பிட்டார். மைக்கை அழுத்தியதும் இருமித்தான் ஆரம்பிப்பார், அதனால் அந்தப் பெயர். லீவு முடிந்து இன்றுதான் வண்டி எடுத்தவர். அவருக்கு எதுவும் தெரியாது.

“கட்டுப்பாடு, ஒரு பயணி பக்கத்துல நிக்கிறாரு. அறிவிப்புல பேசறது யாருன்னு கேக்கறாரு. நம்ம அக்காதானே, சொல்லட்டுமா?”

அவருக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார், என்றது.

என் கால் மிதியின் மேல் இருந்தது. நாங்கள் பேசுவதற்கு மேஜைக்கடியில் ஒரு மிதி உண்டு. அழுத்தினால்தான் குரல் போகும். அழுத்தி ‘சொல்லாதீர்கள்’ என்றால் போதும். ஆனால் அந்த ஒரு சொல் போதுமே அவனுக்கு. ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் ஒலிபெருக்கி, அதற்கு ஓர் எட்டு தள்ளி அவன். காலை எடுத்தேன். பேசவில்லை.

“கட்டுப்பாடு, கேக்குதா?”

கட்டுப்பாடு பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. தும்மல் வந்தால்கூட ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டுத்தான் தும்முவேன். மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஃபோனில் கூப்பிட வேண்டும், அது விதி. வண்டி நிற்கும். அவர் ஃபோனில் கூப்பிடுவார். என்னோட பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. அவன் பக்கத்துல நிப்பான். எந்திரிச்சு ஓட முடியல.

ரேடியோவில் ஒருவர் பேசுவது எல்லா வண்டிக்கும் கேட்கும். ஆனால் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூடாது, எங்களிடம் மட்டும்தான் பேச வேண்டும். பேசினால் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டி மிரட்டி நானே வளர்த்த ஒழுங்கு அது. அந்த அமைதியில் பெண் ஓட்டுநரின் குரல் வந்தது.

“அண்ணே, அது என் குரல். நாந்தான் பேசிக் குடுத்தேன்.”

உடனே இன்னொரு கட்டைக் குரல், எட்டாம் தடம். “அவ புளுகறா. அது எனக்குத் தொண்டை கட்டறதுக்கு முன்னாடி நான் பேசினது.”

இன்னொருவர், அது கம்ப்யூட்டர், ஆளே கிடையாது என்றார். வேறொருவர், அந்தம்மா போன மாதமே வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டது என்றார். ஒன்றுக்கொன்று ஒட்டாத பொய்கள். ஊரின் எல்லா மூலையிலிருந்தும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். இருமல் அண்ணன் இருமினார்.

“புரிஞ்சுது,” என்றார். பயணியிடம் திரும்பி, “எவனுக்கும் தெரியலை சார். உள்ள போய் உக்காருங்க, வண்டி ஓடும்போது இங்க நிக்கக்கூடாது” என்று சொன்னது கேட்டது.

மேற்பார்வையாளர் அம்மா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து மிதியில் கால் வைத்தார். “நான் பேசறேன். நீ தண்ணி குடி” என்றார். நான் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன். இருமல் அண்ணன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தகவல் சொன்னார்: கேள்வி கேட்ட பயணி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், சந்தையில் இறங்கிவிட்டார். அங்கே அவன் எட்டாம் தடத்து வண்டியில் ஏறினான், அதன்பிறகு அந்தக் கட்டைக் குரல் தகவல் சொன்னது. கடைசி நிறுத்தத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அம்மா வெள்ளிக்கிழமையே ஸ்டேஷனில் தடை உத்தரவைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாராம். தடையை மீறியதற்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வேற வேலையா வந்த இடத்துல பஸ்ல என் பொண்டாட்டி குரலைக் கேட்டேன், தேடினேன், அது குத்தமா சார் என்று அவர்களிடமும் தன்மையாகத்தான் கேட்டானாம்.

மார்ச் 18, செவ்வாய்

வானொலியிடம் போய் நின்றேன். எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்றேன். எல்லாரிடமும் என்றார், தலையைக் குனிந்துகொண்டு. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பணிமனை வாசலில் நின்று, வந்த வண்டி, போகிற வண்டி ஒவ்வொன்றிலும் ஏறிச் சொன்னாராம். லீவில் இருந்த ஒருவரைத்தான் விட்டுவிட்டாராம். சத்தியம் செய்தீர்களே என்றேன்.

“செஞ்சேம்மா. வீட்டுக்குப் போனா சோறு இறங்கலை. ரோட்டுல ஒரு பள்ளம் இருக்குன்னு ஒரு வண்டிக்குத் தெரிஞ்சா எல்லா வண்டிக்கும் சொல்லணும்னு நீதானே எனக்கு வேலை கத்துக் குடுத்தே?”

நல்ல திட்டு ஒன்று தயாராக வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். பிறகு வழக்கம்போல அதையும் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

பணியாளர் வாரம் முடிந்தது. மேலாளர் மேடையில் எங்களைக் கண்ணுக்குத் தெரியாத கரங்கள் என்றார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருமல் அண்ணன் இருமிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாமல் என்ன, காதுக்கே தெரிகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். திங்களன்று ரேடியோ விதியை மீறியவர்களின் பெயரை நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதவில்லை.

டெக்னீஷியன் தம்பி என் குரலை எடுத்துவிட்டான். இப்போது காரணம் கேட்கவில்லை. எடுத்தபோது ஏனோ துக்கமாக இருந்தது. அவன் உள்ளேதான் இருக்கிறான், இப்போதைக்கு. இப்போதைக்கு என்று எழுதிவிட்டு எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பயம் போய்விட்டதா என்று மேற்பார்வையாளர் அம்மா கேட்டார். இல்லை என்றேன். போகாது, ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் அடங்கி உட்காரும் என்றார். அவருக்கு என்ன கதையோ? கேட்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பாப்பா இன்று தனியாகப் பஸ்ஸில் பள்ளிக்குப் போனாள். பதினோரு வயதாகிறது, வகுப்பில் தன்னை மட்டும்தான் அம்மா கொண்டுவந்து விடுகிறாள் என்று ஒரு வாரம் சண்டை. இன்று எனக்கு விடியற்காலை ஷிஃப்ட். நான் கிளம்பியபோது சீருடையோடு தயாராக நின்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொந்த விஷயத்துக்கு ரேடியோவைத் தொடக்கூடாது. தொடமாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு மேல் எந்த வண்டிக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பெண் ஓட்டுநர் கூப்பிட்டாள். “கட்டுப்பாடு, நம்ம பாப்பா ஏறியாச்சு. முன் சீட்டு.”

யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. பாப்பா இன்று போகிறாள் என்பதை நான் வானொலியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒருவர்கூட இடையில் வரவில்லை. பிறகு அவளே வந்தாள். “இறங்கிட்டா. கேட்டுக்குள்ள போற வரைக்கும் நின்னு பார்த்தேன். மூணு நிமிஷம் லேட்டு, எழுதிக்கங்க.”

மிதியை அழுத்தினேன். சரி, எழுதிக்கொள்கிறேன் என்றேன். குரல் நடுங்கியது, எல்லா வண்டிக்கும் கேட்டிருக்கும். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘பயணி பாதுகாப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.