இரவில் இறங்காத கோடு

ஜனவரி 22, வியாழன்

இன்று நடந்ததை எனக்குச் சாதகமாக மாற்றாமல், நடந்தபடியே எழுதுகிறேன்.

நாளை அறிவியல் கண்காட்சி. நாம் சுவாசிக்கும் காற்றில் நெஞ்சுக்கு ஆகாத ஓசோன் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட நானும் ஜெனியும் கணினியில் ஒரு மாதிரியை உருவாக்கியிருக்கிறோம். மாலையில் அதை ஓட்டிப் பார்த்தோம். இரவு நேரம் வந்ததும் திரையில் மலையடிவாரத்து வத்தலக்குண்டின் ஓசோன் கோடு சரிந்தது. எங்கள் கொடைக்கானலின் கோடு இறங்கவே இல்லை.

"பேரை மாத்திப் போட்டுட்ட புள்ள. நம்ம ஊருக் காத்துதான சுத்தம்?" என்றாள் ஜெனி.

எனக்கும் அதே சந்தேகம்தான். பெயர்களைச் சரிபார்த்தேன், தவறில்லை. பிறகு மாதிரியில் கொடைக்கானலுக்கு இரவில் நிறைய வண்டிகளைக் கொடுத்து ஓட்டினேன். உடனே கோடு சரிந்தது. வெயில் இல்லாதபோது வண்டிப் புகை ஓசோனைத் தின்றுவிடுகிறது. மலையில் இரவில் புகை குறைவு. அதனால் ஓசோன் அப்படியே நிற்கிறது.

"அப்ப சீசனுக்கு வர்ற வண்டியெல்லாம் காத்தைக் கழுவ வருதுன்னு சொல்லப் போறியா? ஊரே சிரிக்கும். ஒண்ணு கோட்டோட பேரை மாத்து, இல்ல என் பேரை எடுத்துரு."

"ரெண்டும் முடியாது" என்றேன்.

கோடு சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெனி இல்லாமல் தனியாக நிற்க வேண்டுமே என்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

இப்போதுதான் விடுதியில் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஜெனி கேட்டாள். "பகல்ல அதே புகை என்ன பண்ணும்னு யாராச்சும் கேட்டா?"

"வெயில் பட்டா அதுவே ஓசோனை உண்டாக்கும்டி. அதனால புகை நல்லதில்ல."

"சரி, பகலை நான் சொல்றேன். ராத்திரியை நீ சொல்லு."

விளக்கை அணைத்துவிட்டார்கள்.