அச்சில் சுற்றிய காப்புக் கயிறு

சோற்றைப் பிசையும்போது விரல்களில் கிரீஸ் வாசம் வந்தது. சாம்பல் போட்டு, சவர்க்காரம் போட்டு, கடைசியாக மண்ணெண்ணெயும் தொட்டுக் கழுவிய கை. இருந்தும் ரசத்தை மீறிக்கொண்டு வந்தது. நீங்கள் இருந்தபோது இந்த வாசம் பக்கத்துத் தட்டிலிருந்து வரும். இன்று என் தட்டிலிருந்தே வந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

உங்கள் தம்பிக்கு புக்கிட் காதில் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இன்றுதான் முதல் நாள். நீங்கள் காய்ச்சலில் போனதிலிருந்து சாக்கு மூடிக் கிடந்த உங்கள் மோட்டர் சைக்கிளை வெளியே இறக்கினோம். பின்சக்கரத்தில் காற்றே இல்லை. நேற்று மாலை சக்கரத்தைக் கழற்றும்போதுதான் குழப்பம் தொடங்கியது. அச்சின் நட்டில் ஸ்பானரை வைத்ததும், எதிர்ப்பே இல்லாமல் அது சுற்றிக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன அண்ணி, அண்ணன் இறுக்கவே இல்லையா?" என்றார் தம்பி.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் குனிந்து அந்த நட்டை இறுக்கியவர் நீங்கள். "தோட்டத்துச் சாலை குண்டும் குழியும். ஆட்டி ஆட்டித் தளர்த்திடுது" என்பீர்கள். நானும் நம்பினேன். பல வீடுகளில் கணவர்கள் கிளம்புமுன் தலை சீவுவார்கள். என் கணவர் நட்டு இறுக்குவார் என்று எனக்குள் ஒரு வேடிக்கை வைத்திருந்தேன்.

நட்டு வந்தது, வாஷர் வந்தது. அதற்கும் பின்னால், அச்சைச் சுற்றி, எண்ணெயில் கறுத்துத் தகடுபோல நசுங்கிய ஒரு கயிறு. மோட்டர் வாங்கிய அன்று கோயிலில் பூசை போட்டு, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அத்தை வாங்கித் தந்த காப்புக் கயிறு. அதைச் சக்கரத்தில் கட்டச் சொன்னார்கள். கம்பிகளில் எங்கோ கட்டியிருப்பீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நட்டுக்குக் கீழேயா? இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் நூல் இருந்தால், அது நசுங்க நசுங்க நட்டு தளராதா? இது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பின் ஏன்?

இன்று காலை ஒட்டுப்போட்ட சக்கரத்தை மாட்டினோம். முன்பெல்லாம் ஆங்கிலக் கையேட்டை நான் படித்துத் தமிழில் சொல்வேன், நீங்கள் செய்வீர்கள். "நீ வாய், நான் கை" என்பீர்கள். இன்று இரண்டும் நான். தம்பி சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் செயினைப் பல்சக்கரத்தில் மாட்டி, அச்சைச் செருகி, சாதித்துவிட்டதாக நிமிர்ந்தேன்.

"அண்ணி, இது யாருது?" என்று உள்ளங்கையை நீட்டினார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் வர வேண்டிய சிறு குழாய். மறுபடி உருவி, அதை வைத்து, மறுபடி செருகினேன். செயினை விரலால் தூக்கித் தொய்வு பார்த்தேன். இரண்டு பக்கத் திருகுகளையும் சமமாகத் திருப்பினேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நேராகத் தையல் நூலைப் பிடித்துப் பார்த்தேன். நட்டை இறுக்குவது கடைசியில்தான். அந்தக் கடைசிக்கு வந்தபோது அத்தை வந்து நின்றார்கள்.

"கயிறு எங்க?"

"அத வெச்சா நட்டு நிக்காது அத்தை. தளரும்."

"அவன் ஓட்டல? மோட்டரால அவனுக்கு ஒரு கீறல் உண்டா?"

உண்மைதான். உங்களை மோட்டர் ஒன்றும் செய்யவில்லை. "கைப்பிடியில கட்டட்டுமா?" என்றேன்.

"கைப்பிடியில கட்டினா கைப்பிடி தப்பிக்கும். உருள்றது எது?"

"நானும் அது மேலதான்மா உக்காந்து போறேன். என் கழுத்துல கட்டிருங்க லா" என்று சிரித்துக்கொண்டே தம்பி சட்டை மாற்ற உள்ளே போனார்.

அவர் போனதும் அத்தையின் குரல் இறங்கியது.

"தளரும்னு எனக்கும் தெரியும். கட்டின மறுவாரமே அவன் சொன்னான். 'அம்மா, இது இருந்தா தெனம் முடுக்கணும்'னான். முடுக்குன்னேன். அவன் பறக்குற பய. தெனம் ஒருதரம் குனிஞ்சு பாத்தாத்தான் பயம் இருக்கும்னேன். சிரிச்சுட்டு சரின்னான்."

நான் ஸ்பானரைப் பிடித்தபடியே இருந்தேன். இது நடந்ததா? அல்லது கயிறு தப்பென்று தெரிந்ததும் அந்த நிமிடத்தில் அத்தை கட்டிய கதையா? நடந்ததென்றால், உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இதை என்னிடம் ஏன் சாலையின் மேல் பழி போட்டுச் சொன்னீர்கள்? நான் கையேட்டைக் காட்டி வாதாடுவேன் என்றா? அம்மா சொன்னதற்காகத் தெரிந்தே ஆபத்தை அச்சில் சுற்றிக்கொண்டு, அதைத் தினமும் கையால் சரிசெய்துகொண்டு போனீர்கள். இதை அன்பு என்பதா, முட்டாள்தனம் என்பதா? எவ்வளவோ படித்திருக்கிறேன். இதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"தம்பி தெனம் குனிஞ்சு பாப்பாரா அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "அவனா? தலை சீவ மோட்டர் கண்ணாடியில குனிவான்" என்றார்கள். கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப வேணாம். இறுக்கிரு."

இறுக்கினேன். இரும்பும் இரும்பும் முட்டி, ஸ்பானர் நகர மறுக்கும்வரை இறுக்கினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். எதிலும் உரசாமல் சுற்றி நின்றது. செயினை மறுபடி தூக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. கயிற்றை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

தம்பி போய்விட்டார். காஜா பேராங் சாலையின் திருப்பத்தில் ஓசை தேயும்வரை நின்றேன். நீங்கள் கிளம்பும்போது நான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. சாலைக்கு வருமுன்பே உள்ளே திரும்பிவிடுவேன். அத்தைதான் நீங்கள் வரும்வரை வாசற்படியை விட்டு எழமாட்டார்கள். காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இதை எழுதும்போது பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. தம்பி இன்னும் வரவில்லை. புத்தகத்தில் உள்ளபடி எதையும் விடாமல் செய்திருக்கிறேன். அந்த நட்டு தளர வழியே இல்லை. இருந்தும் இரண்டுமுறை வாசலுக்குப் போய்விட்டேன். இரண்டாம் முறை அத்தை படியில் சற்று நகர்ந்து, எனக்கும் இடம் விட்டார்கள்.