நாங்கள் எழுந்து நின்றது உனக்காக

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது. திருமுடிவாக்கம் பட்டறையில், பழுதுக்கு வந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் மூடியைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அந்தக் கருகல் எண்ணெய் வாசனை கை முழுக்க இருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எஸ்தர் அக்கா ஓர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். துணை மின் நிலையத்துக்குப் பூமி பூஜை. வலது மூலையில், ஒரு வட்டத்துக்குள், உன் படம்.

நம் ரிசப்ஷனில் எடுத்த படம் அது. என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். உன் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. படத்துக்குக் கீழே ‘இவர் கண்ட கனவு’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே இடம்: ஏரிக் கலங்கல் அருகில்.

அந்த வரியை மறுபடி படிக்க மனமில்லாமல், திரையின் மேலே இருந்த நேரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எந்த இடத்தில் மட்டும் கூடாது என்று நீ ஊரைக் கூட்டிச் சொன்னாயோ, அதே இடம்.

நம் ஊர் இன்னும் ஊராட்சிதான். தாம்பரம் வளர்ந்து வளர்ந்து நம் பக்கம் வந்து நின்றுவிட்டது, ஆனாலும் கிராம சபை நடக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், இந்தப் பக்கம் வயலைத் தூர்த்துப் போட்ட மனைகளில் நாம். கோடையில் மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். மிக்ஸியில் சட்னி அரைபடாமல் நீ அதன் தலையில் தட்டுவாய். அதனால் மின்சாரத் துறைக்காரர்கள் சப் ஸ்டேஷன் போட இடம் கேட்டபோது எல்லாருக்கும் சந்தோஷம், உனக்கும்தான். ஊராட்சித் தலைவர் கலங்கல் ஓரத்து நிலத்தைக் காட்டினார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போவது அந்த நிலத்தின் வழியாகத்தான்.

நீ என்னிடம் கேட்டாய், அடுப்படியில் நின்றபடி. பள்ளத்தில் சப் ஸ்டேஷன் கட்ட முடியாது, முதலில் மண்ணைக் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்குவார்கள் என்று சொன்னேன். நான் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேசினேன். நீ தண்ணீரைப் பற்றி யோசித்தாய்.

“அப்ப அங்க போற தண்ணி எங்கப்பா போகும்?”

நான் பதில் சொல்வதற்குள் நீயே ஜன்னல் வழியாக நம் தெருவைப் பார்த்தாய்.

காந்தி ஜயந்தி கிராம சபைக்கு நீ ஒரு பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் ஒரு குடம் தண்ணீர். பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நம்மைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒருவர், “மேடம் குளிக்க வந்துக்கிறாங்கபா” என்றார். சிரிப்பு அடங்க நேரம் ஆனது. நீயும் சிரித்தாய். டப்பை மேசை மேல் வைத்து விளிம்பு வரை தண்ணீரை ஊற்றினாய். இதுதான் கலங்கல் என்றாய். பிறகு நம் பொங்கல் குண்டானில் கல்லை நிரப்பி, இதுதான் தலைவர் கட்டப்போற சப் ஸ்டேஷன் என்று மெதுவாக உள்ளே இறக்கினாய். தண்ணீர் மேசையில் ஓடி, தலைவரின் வேட்டி நுனியை நனைத்து, அவர் செருப்புக்குள் இறங்கியது.

“இப்ப நனைஞ்சீங்கல்ல சார், அதுதான் எங்க தெரு” என்றாய்.

அவரே சிரித்துவிட்டார்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரவில்லை நீ. பழைய குவாரி மேட்டில் இடம் இருக்கிறது, தண்ணீர் ஏறாது, லாரி போக வழி இருக்கிறது என்று சொன்னாய். அது நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். குவாரி மேட்டைச் சுற்றி ஊர்க்காரர்கள் புதிதாக மனை போட்டிருக்கிறார்கள், மேலே கம்பி போனால் மனை விலை போகாது என்பது அன்றைக்கே நமக்குத் தெரியும். ஆனாலும் சபை ஒத்துக்கொண்டது.

நம் ஊரில் கை தூக்குவது கிடையாது. கை தூக்குவது ஸ்கூல் பிள்ளைகள் வேலை என்பார்கள். கோயில் கூட்டமானாலும் கிராம சபையானாலும், ஒத்துக்கொள்கிறவர் எழுந்து நிற்க வேண்டும். அன்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தது எஸ்தர் அக்கா. நம் வார்டு உறுப்பினர், உன் கூட வீடு வீடாக வந்து ஆள் சேர்த்தவர். திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகில் சாய்ந்துகொண்டு, அந்த வழக்கம் உனக்குப் பிடித்திருக்கிறது என்றாய். “கைய தூக்கினா பாதி தூக்கலாம். பாதி நிக்க முடியாதில்ல.”

அந்த மழைக்காலத்திலேயே உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நான் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எஸ்தர் அக்கா என்பதை மட்டும் எழுத வேண்டும். டாக்டர் வெளியே வந்து சொன்னபோது நான் தலையாட்டினேன், சரிங்க டாக்டர் என்றேன். அழுதது அவர்தான். அதற்குப் பிறகும் சாப்பாடு கொண்டுவந்தார். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் திட்டுவார்.

உன் அம்மா என்னைப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கியே மாப்ள என்றார். உண்மைதான். வேலைக்குப் போனேன், எண்ணெய் மாற்றினேன், செம்புக் கம்பி சுற்றினேன். எதுவும் மனதில் படவில்லை.

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் எஸ்தர் அக்கா வந்தார். நாளைக்குச் சபையில் உனக்கு இரங்கல் தீர்மானம் போடுகிறோம், நான் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றார். எனக்குக் கூட்டம் ஒத்துவராது என்றேன். “உனக்காக இல்ல தம்பி, அவளுக்காக வா” என்றார்.

வந்தேன். அதே மைதானம், அதே ஷாமியானா. செயலர் உன் பெயரைப் படித்ததும் சபை எழுந்தது. டப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை. எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயரின் உறுமல் மட்டும் கேட்டது. அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். எஸ்தர் அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் செயலர் மறுபடி படிக்க ஆரம்பித்தார். ‘அன்னாரின் நினைவாக’ என்று வந்தது. ‘துணை மின் நிலையம்’ என்று வந்தது. நீ செய்ததைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ‘முந்தைய தீர்மானத்தை மாற்றி’ என்பதும் காதில் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான், உள்ளே போகவில்லை. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ‘ஏகமனதாக’ என்றார். கை தட்டினார்கள். தலைவர் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்.

அந்தச் சால்வையை உன் புடவைகளுக்கு மேல் மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிடத்தைத்தான். இந்த ஊரில் பிறக்காதவள் நீ, கேலி பேசப்பட்டவள், உனக்காக ஊரே எழுந்து நின்றது. பட்டறைக்குப் போகும் வழியில் அதை நினைத்துக்கொள்வேன். வேறு எதிலும் ஒட்டாத மனம் அதில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

இன்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். போனை நீட்டினேன்.

“படம் நல்லா வந்திருக்கா தம்பி? நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“கலங்கல்னு போட்டிருக்கு அக்கா.”

“அன்னைக்கே பாஸ் ஆயிடுச்சே. நீயுந்தான இருந்த.”

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நிதானமாகவே சொன்னார். அவர் மாமியாருக்கு மூச்சு மெஷின் வைத்திருக்கிறது, வோல்டேஜ் இறங்கினால் அது நின்றுவிடுகிறது. குவாரி மேட்டுக்கு ஊர்க்காரர்கள் எந்தக் காலத்திலும் விட மாட்டார்கள், கலங்கல் என்றால் இந்த வருஷமே வரும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். எஸ்தர் அக்கா வீடு மெயின் ரோட்டு மேட்டில், தண்ணீர் ஏறாத இடத்தில் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

“அதுக்கு என்னை ஏன் கூப்ட்டீங்க?”

“நீ இல்லாட்டி உங்க தெரு ஆளுங்க கேள்வி கேட்டிருப்பாங்க. நீ முன்னாடி நின்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்னு தலைவர் சொன்னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு.” போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அவ இருந்திருந்தா சண்டை போட்டிருப்பா. நான் தோத்திருப்பேன். இப்ப அவ இல்ல தம்பி” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அழுததும் பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அழுதவரே உன் படத்தைத் தேடி எடுத்து, என்னை வெட்டி, அனுப்பியும் வைத்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே ஆளுக்குள் பொருத்திப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நான் தெருமுனைக்கு வருவதற்குள் தலைவர் போனில் கூப்பிட்டார்.

“இன்னா தம்பி, எஸ்தரம்மாகிட்ட கோச்சிக்கினியாமே? நம்ம ஊரு வழக்கம் தெரியுமில்ல? ஒத்துக்கினா எழுந்து நிக்கணும். மொத வரிசையில நீதான் நின்னுகினு இருந்த. போட்டோ கீது.”

“என் வொய்ஃபுக்காக நின்னேன் சார்.”

“நானும் அதுக்குத்தான் நின்னேன். ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அந்தப் பொண்ணு பேரு போர்டுல வரும், ஊரு உள்ள வரைக்கும் நிக்கும். அத்தப் பாரு.”

நம் எதிர்வீட்டு ரிட்டயர்டு சார் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உன்னோடு குவாரி மேடு வரை நடந்து வந்தவர். அழைப்பிதழ் அவருக்கும் வந்திருந்தது. செயலர் படிக்கும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். என் பக்கம் திரும்பிப் பார்த்தாராம்.

“உக்காந்துரலாம்னுதான் பார்த்தேன். நீங்க தலைய குனிஞ்சு நின்னுட்டிருந்தீங்க. புருஷன் நிக்கும்போது நான் எப்படி சார் உக்கார்றது?”

நம் தெருவையே என்னை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். தெரு எனக்குக் கொடுக்கும் அந்த மரியாதை அவர்களுக்குத் தெரியும், அளந்து பார்த்துத்தான் என்னை முன்வரிசையில் வைத்தார்கள். நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அவரும் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டேன். பைப்பை வேறு தொட்டிக்கு மாற்றினார். செத்துப்போன பெண்ணை வைத்துச் சண்டை போடுவதாக ஊர் பேசுமே என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மாவட்ட அலுவலகத்தில் நான் மட்டுமாவது எழுதிக் கொடுப்பேன். இரங்கலுக்கு நின்றதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுவேன். தண்ணீர்க் கணக்கும் வரைபடமும் வைப்பேன், அதெல்லாம் எனக்கு வரும். என் மனு அங்கே எடுபடுமா என்று தெரியாது. மண் லாரிகள் அதற்கு முன்னாலேயே வந்துவிடலாம். ஆனால் ஒன்று என் கையில் இருக்கிறது. உன் பெயரை அவர்கள் என்னைக் கேட்காமல் எடுத்தார்கள், என்னால் அதைத் திருப்பிக் கேட்க முடியும்.

வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். நான் அதில் இதுவரை ஒரு குட் மார்னிங்கூடப் போட்டதில்லை. ‘இது என் மனைவி கண்ட கனவு இல்லை. இந்த இடம் கூடாது என்று இதே சபையில் அவள் சொன்னாள், நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். அன்று நான் எழுந்து நின்றது அவளுக்காக மட்டும். அவள் படத்தையும் பெயரையும் எடுத்துவிடுங்கள். பூஜைக்கு நான் வர மாட்டேன்.’ ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு எழுந்து கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். முதலில் என்னவென்று புரியவில்லை. அரை நாள் வேலை விட்டுப்போனதால் உடம்பு அலைகிறது என்றுதான் நினைத்தேன், பட்டறைக்காரன் புத்தி. பிறகு தெரிந்தது, கோபம். “உனக்குக் கோவமே வராதாப்பா, அதையும் நானே பட்டுத் தொலைக்கணுமா” என்று ஆட்டோக்காரரிடமும் பால்காரரிடமும் எனக்காக நீ சண்டைக்குப் போவாய். இதற்குக் கோபப்பட நீ இல்லை. அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நீ போன நாளிலிருந்து எனக்குள் வந்த முதல் உணர்ச்சி இதுதான். அழுகையாக இருந்திருக்கலாம் என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் இதை விடப்போவதில்லை. விட்டால் மறுபடியும் ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

தலைவர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. எஸ்தர் அக்கா கூப்பிட்டார், திரும்பத் திரும்ப. பிறகு தெரியாத நம்பர்கள். குரூப்பில் யாரோ கும்பிடும் கை போட்டார்கள், யாரோ ‘தம்பி துக்கத்தில் பேசுகிறார், விட்டுவிடுங்கள்’ என்று எழுதினார்கள். அதற்கு மேல் படிக்கவில்லை. போனை அணைத்துவிட்டேன்.