ஆரவியிடம் பேசுவதற்கான இங்கிலிஷ்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

இந்த ஞாயிறு வீடியோ கோலும் நாலு நிமிடத்தில் முடிந்தது. "ஹவ் ஆர் யூ?" "குட்." "ஸ்கூல்?" "குட்." "சாப்பாடு?" "குட்." அதற்குமேல் கேட்க எனக்கு இங்கிலிஷ் இல்லை, பதில் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. நாற்பத்தேழு வயதில், ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

சுபா இருந்தவரை அவள் மகள் ஆரவி தமிழில் வெளுத்து வாங்குவாள். என் தங்கச்சி சுபாஷினி மெல்பர்னில் கண்ணை மூடி ஏழு மாதம். மூளையில் இரத்தக் கசிவு, இரண்டே நாள். அன்றிலிருந்து பிள்ளை தமிழே பேசுவதில்லை. "தமிழ்ல பேசினா காதைப் பொத்திக்கிறா அக்கா" என்றார் ரஜீவன், சுபாவின் கணவர். என்னை மட்டும் இன்னும் பெரியம்மா என்கிறாள். அதை என் பெயர் என்று நினைத்திருப்பாள்.

சுபாவுடையது என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது இவள் ஒருத்திதான். இவளும் ஒருநாள் கடைசி "குட்" சொல்லிவிட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 13

கந்தோரில் பக்கத்து மேசை மஸீனா, இங்கிலிஷ் பழக என் ஃபோனில் சில பேச்சுகளை இறக்கித் தந்தாள். ஒரு வெள்ளைக்காரர் அன்றாட விசயங்களைப் பேசுகிறார். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு சற்று இடைவெளி. அதற்குள் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். மஸீனாவின் மகள் இப்படித்தான் பழகினாளாம்.

"வெக்கப்படாம வாய் விட்டு சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா நாக்குக்கு வராது."

கந்தோருக்குப் போகும் யட்டவத்த பஸ்ஸில் எப்படி வாய் விட்டுச் சொல்வது? அங்கே ஒற்றைக் காலில் நிற்கவே இடமில்லை.

பெப்ரவரி 20

சொன்னேன். பக்கத்திலிருந்த அம்மா சிங்களத்தில், "உடம்புக்கு முடியலையா மகள்?" என்று கேட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 5

இன்று முழுவதும் ஹோட்டலில் அறை எடுக்கும் பாடம். மாத்தளை அலுவிகாரையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, கடல் தெரிகிற அறை வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன்.

மார்ச் 24

ஆரவியின் வகுப்பில் முயல் வளர்க்கிறார்களாம். அது யாருடைய சப்பாத்தையோ கடித்துவிட்டதாம். பாதிதான் விளங்கியது. ஆனாலும் சரியான இடத்தில் "ஓ, ரியலி?" போட்டேன். பேச்சில் அந்த மனுசர் சொல்கிற அதே இழுப்பில். அவள் சிரித்தாள்! "யூ சவுண்ட் ஃபன்னி, பெரியம்மா." சொல்லட்டும். இன்னும் ஃபன்னியாகப் பேசுவேன்.

அப்பா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. பிறகு, "சுபா மாதிரியே சிரிக்கிறாம்மா" என்றார்.

மே 19

இன்று அவளாகவே கேட்டாள், அம்மா சின்னப் பிள்ளையில் எங்கே இருந்தாள் என்று. ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். அம்மாவின் கட்டில், அம்மாவின் ஜன்னல், அம்மா ஏறி விழுந்த கொய்யா மரம். "இஸ் திஸ் அம்மாஸ் ஹவுஸ்?" "யெஸ், யெஸ், அம்மாஸ் ஹவுஸ்!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு இடத்திலும் திக்கவில்லை.

ஜூன் 23

அடுத்த மாதம் சுபாவின் தலைத் திவசம். அங்கே ஐயர் கிடைப்பது கஷ்டம், ரஜீவனுக்கு லீவும் இல்லை. இங்கேயே கொடுக்கிறோம். "ஆரவிக்கும் காட்டணும்மா. பெத்த தாய்க்குச் செய்றதைப் புள்ளை பார்க்க வேணாமா?" என்கிறார் அப்பா. ரஜீவனும் சரி என்றுவிட்டார்.

ஆனால் அதை அவளுக்கு இங்கிலிஷில் விளக்குவது யார்? பேச்சுகளையெல்லாம் தேடிப் பார்த்தேன். அந்த மனுசர் ரயில் ஏறுகிறார், மழையைப் பற்றி அலுத்துக்கொள்கிறார், கேக் வாங்குகிறார். அவருடைய ஊரில் யாரும் சாவதே இல்லை.

சரி, நானே ஒரு பேச்சு எழுதினேன். இன்று அம்மாவின் நாள். அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருக்கிறோம். இலையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். அம்மா வருவாள், சாப்பிடுவாள், உன்னை ஆசீர்வாதம் செய்வாள். மஸீனாவின் மகள் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்றாளாம். என் குரலிலேயே பதிந்து, காலையும் மாலையும் கேட்டுச் சொல்கிறேன்.

ஜூலை 9

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஐயர் போன பிறகு படையல் போட்டோம். பலாக்காய்க் கறி, வடை, பால் சோறு. மேசையில் ஃபோனைச் சாத்தி வைத்து என் பேச்சைப் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஆரவி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். பொட்டும் வைத்திருந்தாள். அவளேதான் கேட்டு வைத்துக்கொண்டாளாம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

படைத்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவது எங்கள் வழக்கம். போனவர்கள் யார் கண்ணும் படாமல் சாப்பிட வேண்டும். நான் ஃபோனைக் கதவுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு விடாமல் கதவையே பார்த்தாள். அப்பா மதிலில் காக்கைக்குச் சோறு வைத்தார். ஒரு வருசம் அழாத மனுசன் — காகம் வந்து முதல் வாய் எடுத்ததும் உடைந்துபோனார். "வந்துட்டா! என் புள்ளை வந்துட்டா! சுபா வந்துட்டா!"

அது தமிழ். ஆனால் ஆரவிக்கு விளங்கிவிட்டது.

"அம்மா!" என்று கத்தினாள். "அம்மா, நான் இங்க! அம்மா, இங்க பாருங்க!"

ஒரு வருசத்துக்குப் பிறகு பேசிய தமிழ். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஃபோனைக் காகத்தின் பக்கம் திருப்பினேன். ஐயோ, ஏன் திருப்பினேன்? அவள் காகத்தைப் பார்த்தாள். பிறகு "வேர்? வேர் இஸ் ஷீ? ஓப்பன் த டோர்!" என்றாள். கதவைத் திறந்தேன். இலையும் விளக்கும் படமும்தான் இருந்தன. அவள் அப்படி அழுதாள். எனக்கோ வாயைத் திறந்தால் அந்தப் பேச்சே திரும்ப வருகிறது. அம்மா வருவாள், சாப்பிடுவாள். அந்தப் பக்கம் ரஜீவன் ஃபோனைப் பிடுங்கி நிறுத்திவிட்டார்.

ஜூலை 10

படையல் சோற்றை யாரும் தொடவில்லை.

ஜூலை 14

ரஜீவன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. செத்த வீட்டுக்கு இவளைக் கூட்டிட்டுப் போகல்ல. அம்மா சாமிகிட்ட போயிருக்காங்கன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். இப்ப மாத்தளை டிக்கெட் எடுங்கன்னு நிக்கிறா. கொஞ்ச நாளைக்குக் கோல் வேணாம்."

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? தப்பு என்னுடையது. வருசா வருசம் "வருவாங்க, சாப்பிடுவாங்க" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வருவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்தது.

ஆகஸ்ட் 4

ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குத் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 18

மறுபடி கோல் வந்தால் என்ன சொல்வது என்று பழகிப் பார்க்கிறேன். மூன்றே சொல் வசனம். மஸீனாவிடம் கேட்க வேண்டியதுகூட இல்லை. பதிவுப் பொத்தானை அழுத்துகிறேன், உடனே நிறுத்திவிடுகிறேன். "தவறிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். "போயிட்டா" என்றும் சொல்லியிருக்கிறேன். செத்துப்போனாள் என்று தமிழிலும் ஒரு தரம் சொன்னதில்லை. மஸீனா, "அழுதுட்டு சொல்லு, இல்லாட்டி சொல்லிட்டு அழு" என்கிறாள். இரண்டும் நடக்கவில்லை.

செப்டெம்பர் 15

ரஜீவன் கோல் எடுத்தார். "அக்கா, ஆரவி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். ரெண்டு கிழமையா கேட்டுக்கிட்டே இருக்கா. அவளுக்கு இப்ப எல்லாம் சொல்லிட்டேன்."

வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"பெரியம்மா, லிசன்" என்றாள். "அம்மா இஸ் டெட்."

ஒவ்வொரு சொல்லையும் எனக்காக மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எனக்குத்தான் அது தெரியாது என்று நினைத்திருக்கிறாள். கட்டிலையும் ஜன்னலையும் காட்டியவள், சாப்பாடு வைத்துக் கதவைச் சாத்திக் காத்திருந்தவள் நான்தானே.

"நௌ யூ சே இட்."

"அம்மா இஸ் டெட்" என்றேன்.

"ஷீ காண்ட் கம் டு யுவர் ஹவுஸ்."

"ஷீ காண்ட் கம்..." அதற்குமேல் முடியவில்லை. அவள் அவசரப்படவில்லை. இன்னொரு முறை முழுவதும் சொன்னாள். நானும் முழுவதும் சொன்னேன்.

"வெரி குட்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, தாத்தாவுக்கு இங்கிலிஷ் தெரியாதே, நீங்கள்தான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்றாள். மெதுவாகச் சொல்லுங்கள், தாத்தா அழுவார் என்றாள்.

ஃபோனை வைத்ததும் அப்பா வந்து, "என்னம்மா சொன்னா புள்ளை?" என்று கேட்டார்.

"பாடம் சொல்லிக் குடுத்தாப்பா" என்றேன்.