இருபதாவது பச்சைப் பட்டை

நீ உன் உயிர்ப் பட்டையை மறைத்து வைத்திருந்தாய். இரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்தாய். கேட்டபோதெல்லாம் நெட்டு ஸ்லோ என்று பொய் சொன்னாய். நேற்று சாயங்காலம் எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் பென் டிரைவை உன் அம்மா என்னிடம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் கயிறு கட்டி சாவிக்கொத்தில் தொங்கவிட்டிருப்பாயே, அதேதான். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை இன்னும் போகவில்லை. அந்த வாடைக்குப் பயந்துதான் அதைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். நேற்று எடுக்க வேண்டி வந்தது. நம் கம்ப்யூட்டர் விளையாட்டுக் குழுவில் விக்ரோலியிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், நானும் பெண் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ செய்த வேலைதான் அவளுக்கும்: சண்டையில் பின்னால் நின்று, அவரவர் உயிரைக் காட்டுகிற பச்சைப் பட்டை குறையக் குறைய மந்திரம் போட்டு உயிரேற்றுவது. எந்தெந்த ஆட்-ஆன் போடலாம் தீதி என்று, அக்கா முறை வைத்து, கேட்டாள். இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல மும்பையில் ஒரே ஒருத்திதான் லாயக்கானவளாக இருந்தாள். அவள் செத்துப்போனதால், உன் ஆட்-ஆன் அமைப்பு முழுவதும் இருக்கிற பென் டிரைவைச் செருகினேன்.

ஆட்-ஆன் என்றால் என்ன என்று உன் அம்மா கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? தாராவியில் உங்கள் வீட்டு மேல்தட்டில், ஏணி ஏறிக் குனிந்து போகிற அந்த இடத்தில், ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட உன் சதுர மானிட்டரும் என் லேப்டாப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அம்மா ஏணியின் பாதியில் நின்று தலையை மட்டும் நீட்டினாள். நீ பட்டறையில் பை தைக்கிறவள், அதனால் பையை வைத்தே விளக்கினாய். கம்பெனி வெறும் பையைத்தான் கொடுக்கும். உள்ளே பாக்கெட் எங்கே, ஜிப் எங்கே, கொக்கி எங்கே என்பதை அவரவர் வசதிக்கு வெளியிலிருந்து எடுத்துத் தைத்துக்கொள்ளலாம், அதுதான் ஆட்-ஆன் என்றாய். அம்மாவுக்கு அது புரிந்தது. நாம் இருபது பேர் சேர்ந்து கொல்லப் பார்க்கிற டிராகன்தான் புரியவில்லை.

"அதக் கொன்னா என்ன கெடைக்கும்?"

"ஒரு தொப்பி கெடைக்கும்மா."

"இருவது பேருக்கும் தொப்பியா?"

"இருவது பேருக்கும் சேத்து ஒரு தொப்பி. குலுக்கல்ல."

"ரேஷன் கடையே தேவல" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனாள்.

உன் கம்ப்யூட்டரில் ஏழு ஆட்-ஆனுக்கு மேல் போட்டால் அது மூச்சுவாங்கும். அதனால் நீ கறாராக இருந்தாய். எட்டாவதாக ஒன்று பிடித்துப்போனால் முதல் ஏழில் ஒன்று வெளியே போக வேண்டும். "இது என்ன ரயில்ல லேடீஸ் டப்பாவாட்டி, ஏறிக்கிட்டே இருக்கதுக்கு? ஒண்ணு ஏறுனா ஒண்ணு எறங்கணும்" என்பாய். புது ஆட்-ஆனை ஒரு வாரம் வைத்துப் பார்ப்பாய். அந்த வாரத்தில் கை தானாக அதன் பக்கம் போனால் பாஸ். போகவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிவிடுவாய். ஒன்பது ஜிப் வைத்த பையில் ரயில் பாஸைத் தேடுகிற பெண்களை நீ சயான் ஸ்டேஷனில் தினமும் பார்த்தவள்.

மூட்டையில் குப்பை சேர்ந்தால் ஒதுக்கித் தருகிற ஆட்-ஆன் பாஸ். வரைபடத்தில் நிற்கிற இடத்தின் எண்ணைக் காட்டுவது பாஸ். டிராகன் எப்போது நெருப்பு கக்கும் என்று சிவப்புப் பட்டை ஓட்டிக் காட்டுவது கண்டிப்பாகப் பாஸ். சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு வெட்டினார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற ஒன்று உண்டே, குழுவில் இருக்கிற எல்லா ஆம்பளைகளும் வைத்திருப்பது, அது மட்டும் உன் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவர்கள் தங்கள் எண்ணை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டுவார்கள். "எங்க அண்ணன் ஒருக்கா தண்ணிக் கேனத் தூக்கிட்டு வந்து ஒரு வாரம் சொல்லுவான்லா, அதுக்கு ஒரு ஆட்-ஆன்" என்றாய்.

அந்த ஆம்பளைகளுக்கு நாம் பெண்கள் என்பதே தெரியாது. மைக்கைப் போடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்போம். இரண்டு பேருக்கும் ஆண் பெயர். இந்தியில் அண்ணன் என்கிற அர்த்தத்தில் உன்னை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். குழுத் தலைவன் சான்பாடாவில் இருக்கிற தமிழ்ப் பையன், இந்தியில்தான் கத்துவான். நீ சண்டையில் செத்து விழும்போதெல்லாம், பாய் மறுபடியும் போயிட்டார் என்று அலுத்துக்கொள்வான். அடிக்கடி செத்து விழுவாய். பத்தொன்பது பேரையும் காப்பாற்றிவிட்டு இருபதாவதாக நிற்கிற நீ முதலில் விழுவாய். உயிரேற்ற ஆள் இல்லாமல் பத்து நொடியில் முன்னால் நின்று அடி வாங்குகிற நான் விழுவேன். திரும்பிப் பார்த்து முறைப்பேன். "நெட்டு ஸ்லோட்டி" என்பாய். என் போன் நெட்டில் ஆடுகிற நானும் உங்கள் தாராவி நெட்டைத் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். திட்டுவதற்கு அது வசதியான சாமான்.

என் திரையைத் தைத்துக் கொடுத்ததும் நீதான். அதில் டிராகனும் நானும் மட்டும்தான் இருந்தோம், வேறு யாருடைய பட்டையும் தெரியாது. "நீ அடிய வாங்கு. மத்தவியள நான் பாத்துக்கிடுதேன்." மத்தவியளில் நீ சேர்த்தியா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். குழு முழுவதும் சேர்ந்து டிராகனை அடிக்கப் போகிற ரெய்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உங்கள் சந்தில் தண்ணீர் வருவதும் அதே நேரம், ஐந்து நாற்பதுக்கு. ஒரு நாள் நாம் டிராகன் மும்முரத்தில் நேரத்தை விட்டுவிட்டோம். டிரம் காலி. உன் அண்ணன் கீழே படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் குழாய் என்பது அவனுக்கு டிராகனைவிடத் தூரமான ஐட்டம். அம்மா பெருக்குகிற வாரியலை ஓங்கிக்கொண்டு ஏணி ஏறினாள். மறுநாள் நீ நெருப்பு எச்சரிக்கை ஆட்-ஆனைக் குடைந்து, அதிலேயே இன்னொரு சிவப்புப் பட்டையை உண்டாக்கினாய். ஐந்து முப்பத்தொன்பதுக்கு ஓட ஆரம்பிக்கும். மேலே தமிழில் குழாய் என்று எழுதியிருந்தாய். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் படித்த நம் இரண்டு பேருக்கும் அது கம்ப்யூட்டரில் தமிழ் எழுதிய முதல் தடவை. சதுர மானிட்டரில் இடம் ஏது, எதை இறக்கினாய் என்று கேட்டேன். "சும்மா கெடந்த ஒண்ணு" என்றாய்.

நீ செய்த தப்பு, அந்தப் பட்டையைக் குழு முழுவதற்கும் தெரிகிற மாதிரி விட்டது. அடுத்த ஞாயிறு, டிராகனுக்குப் பாதி உயிர் போயிருந்தது. இருபது திரையிலும் ஒரு சிவப்புப் பட்டை முளைத்து ஓட ஆரம்பித்தது. அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நம் இரண்டு பேருக்கும் மட்டும் நீ தனியாக எழுத்துருவைப் போட்டிருந்தாய். அதனால் மற்றவர்கள் திரையில் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் நின்றன. தலைவன் கட்டங்களைப் படிக்கப் பார்த்தான். பிறகு டிராகன் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறது, எல்லாரும் ஓடுங்கள் என்று இந்தியில் அலறினான். பதினெட்டுப் பேர் குகையை விட்டு ஓடினார்கள். நாம் இரண்டு பேரும் ஏணியில் இறங்கி ஓடினோம்.

நைட்டி நனைந்து, டிரம் நிரப்பிவிட்டு வந்து பார்த்தால் குகை வாசலில் கொண்டாட்டம். ஒருத்தரும் சாகவில்லை. எச்சரித்தவர் பாய்தான் என்று தலைவன் கண்டுபிடித்து, அந்தப் பட்டை வந்தால் எல்லாரும் ஓட வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டான். நீ தலையணையை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாய். மூன்று ஞாயிறு, ஏட்டி. மூன்று ஞாயிறு உங்கள் சந்தில் தண்ணீர் வரும் நேரத்துக்கு நாசிக், புனே, சான்பாடாவில் இருந்த வளர்ந்த ஆம்பளைகள் டிராகனை விட்டுவிட்டு ஓடினார்கள். "நம்ம குழாய்க்கு இவ்வளவு பேரு பயந்தது இதான் மொதத் தடவ" என்றாய். நாலாவது ஞாயிறு நீயே அதை நம் இரண்டு பேருக்கு மட்டும் என்று மாற்றினாய். டிராகன் இனி அதைச் செய்யாது, விளையாட்டுக் கம்பெனி சரிபண்ணிவிட்டது என்று எழுதிப் போட்டாய். நம்பினார்கள்.

போன மழைக்காலத்தில் குழாயடியில் முட்டுவரை சாக்கடைத் தண்ணீர் நின்றது. அதில் நின்றுதான் குடத்தைப் பிடித்தோம். உனக்குக் காய்ச்சல் வந்தது. பட்டறைக்குப் போனாய். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை மேல்தட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் விரல் நடுங்கியது. கீபோர்டு ஈரம் என்றாய். அன்றைக்குத்தான் டிராகன் செத்தது. நீ வழக்கம்போல அதற்கு முன்னாலேயே செத்துக் கிடந்தாய். தொப்பி குலுக்கலில் உன் பெயர் வந்தது. "எனக்கெதுக்குட்டி. அடி வாங்குனது நீதான, நீயே போட்டுக்க" என்று தள்ளிவிட்டாய்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா இரண்டு நாள் என்றாள். அண்ணன் மூன்று என்றான். நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றேன், கீபோர்டை நினைத்து. போனில் கேட்டதற்குப் பட்டறை முதலாளி, நல்லாத்தானே இருந்தாள் என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு எண். உன்னைச் சுற்றி இருந்த எங்களில் ஒருத்தரிடமும் அது இல்லை. கேட்டால் பதில் சொல்லும் நிலைமையில் நீ இல்லை. நீ போனதும், சாக்கடைத் தண்ணீரிலிருந்து வந்த எலிக்காய்ச்சல் என்று எழுதினார்கள். குழாய் என்று எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதவில்லை.

நேற்று உன் அமைப்பை அப்படியே காப்பி செய்து விக்ரோலிக்காரிக்கு அனுப்பிவிடத்தான் நினைத்தேன். அனுப்புவதற்கு முன்னால் என் திரையில் ஒருமுறை திறந்து பார்த்தேன். உயிரேற்றுகிறவள் பார்க்கிற பலகை அது. வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை, எல்லாருடைய பட்டைக்கும் இடம். எண்ணினேன். பத்தொன்பது. கடைசி இடத்தில் உன் பட்டை இருக்க வேண்டும். அங்கே சிவப்பாகக் குழாய் இருந்தது. அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன். தன்னைக் காட்டு என்கிற வரிக்குப் பக்கத்தில் டிக் இல்லை, உன் உயிர் குறைவது உன் திரையில் உனக்கே தெரிந்திருக்காது. மாற்றிய தேதி, அம்மா வாரியலோடு ஏறியதற்கு மறுநாள்.

சும்மா கெடந்த ஒண்ணு.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உன் அண்ணன் எழுந்து போய்க் குடத்தைப் பிடித்திருந்தால் அந்தப் பட்டைக்கு அங்கே இடம் தேவையே இல்லை. ஆனால் நீ அவனை எழுப்பவில்லை. அந்த மூளையை வைத்து ஒரு ஆட்-ஆன் செய்து, அதற்கு இடம் வேண்டும் என்று உன்னையே இறக்கிவிட்டு, அதையும் எங்களிடம் சொல்லவில்லை. உன்னைத் திட்டுவதா அவனைத் திட்டுவதா என்று தெரியாமல் ஐந்து நிமிஷம் லேப்டாப்பைத் திட்டினேன்.

டிக் போட்டேன். பிறகு, சிவப்புப் பட்டை எதற்கு என்று இந்தியில் ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் விக்ரோலிக்காரியின் பதில் வந்தது. எல்லாம் அருமை, குழாய் டைமர் பிரமாதம், எங்கள் வீட்டிலும் ஆறு மணிக்குத்தான் தண்ணீர், ஆனால் என் திரை சின்னது, இருபத்தோரு பட்டை பிடிக்கவில்லை, ஒன்றை எடுக்க வேண்டும். கடைசியாக ஒரு வரி: "மேரா வாலா நிகால் தூ, தீதி?"

என்னுடையதை எடுத்துவிடட்டுமா. உன்னைப் பார்த்ததே இல்லை அவள். யார் உங்களுக்கெல்லாம் இதைச் சொல்லித்தருகிறார்கள் ஏட்டி?

தலைவனுடையதை எடு என்று எழுதினேன். அவன் செத்தால் என்ன செய்வது என்று கேட்டாள். கத்துவான், கத்துவதற்கு உயிர் தேவையில்லை என்றேன். எடுத்துவிட்டாள். நேற்றைய ரெய்டில் தலைவன் மூன்று தடவை செத்தான், மூன்று தடவையும் அவனுடைய நெட்டைத் திட்டினான். நன்றாக இருந்தது.

ரெய்டு தொடங்குவதற்கு முன்னால் நான் முதல் தடவையாக மைக்கைப் போட்டேன். உன் தொப்பியோடு நிற்கிற என் ஆள் வாயிலிருந்து பெண் குரல் வந்தது. யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாள் என்று கேட்டேன். இது டிராகனுடைய புது வித்தையா என்று தலைவன் பணிவாக விசாரித்தான். இல்லை, பதில் சொல் என்றேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். புனேக்காரனுக்கு இருமல், மூன்று நாள். நாசிக்காரனுக்கு ஒன்றுமில்லை. தலைவனுக்குப் பல்வலி, ஒரு வாரமாக, யாரிடமும் சொல்லவில்லையாம். விக்ரோலிக்காரி நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். இரண்டாவது தடவை கேட்டதும் நேற்றிலிருந்து லேசாகச் சுடுகிறது என்றாள். திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் போய்விட்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, இல்லாவிட்டால் டிராகன் முன்னால் தனியாக நிற்பாய் என்றேன். இன்றைக்குக் காலையில் அனுப்பிவிட்டாள்.

குழுப் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். யாரையும் நீக்க விடவில்லை. குழாய் ஐந்து முப்பத்தொன்பதுக்கு என் திரையிலும் ஓடுகிறது, எங்கள் சந்தில் தண்ணீர் வருவது ஏழுக்கு என்றாலும்.

எல்லாரும் பதில் சொல்லியாகிவிட்டது. நீ மட்டும்தான் பாக்கி. நெட்டு ஸ்லோ, கீபோர்டு ஈரம், அதெல்லாம் வேண்டாம்.

எத்தனை நாளாட்டி காய்ச்சல் இருந்துச்சு? நம்பரச் சொல்லு.