பென்சிலில் அடித்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என் பென்சில் பொய் சொல்லவில்லை. ஒன்பதாம் தடத்து ஓட்டுநர் வரமாட்டார் என்று நேற்று மாலையே அவர் பெயரை அடித்துவிட்டு, ஸ்பேர் ஓட்டுநரின் பெயரை எழுதி போர்டில் ஒட்டினேன். காலையில் மனிதர் வரவில்லை. பேருந்து நிமிடம் பிசகாமல் கிளம்பியது. "எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?" என்று மேலாளர் வாயைப் பிளந்தார்.

இதில் ஜோசியம் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருடமாக இந்தப் பணிமனையின் டூட்டி ஷீட்டை எழுதுகிறேன். யாருக்குப் பல்வலி, யார் வீட்டில் விருந்தாளி, யாருக்கு யார்மேல் கோபம், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

வீட்டில் கணவரிடம் பெருமையடித்தேன். "அப்போ நாளைக்கு நான் என்ன பண்ணப்போறேன்னு உன்னைத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். கேட்டால் சொல்வேன்.

மார்ச் 4, புதன்

இங்கே புதிதாக ஓட்டுநராகச் சேர்ந்திருக்கும் என் தம்பி இன்று வாசல் தூணில் உரசி, பேருந்தின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டான். மேலாளர் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். தம்பி தலையைக் குனிந்து நின்றான்.

அவன் அப்படி நிற்பது எனக்கு மனப்பாடம். அச்சகத்தில் திட்டினார்கள், மறுநாள் போகவில்லை. மருந்துக் கிடங்கில் திட்டினார்கள், மறுநாள் போகவில்லை. லாரி கம்பெனியில் திட்டக்கூட இல்லை, முறைத்தார்களாம். இது நான் பொறுப்பேற்று வாங்கிக் கொடுத்த வேலை. நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் சொல்லாமல் ஒருநாள் நின்றாலும் வேலை போய்விடும்.

போன் செய்து கேட்கலாம். எதற்கு? வருவேன் என்பான், வரமாட்டான். தம்பி என்பதற்காக முதல் பேருந்தை நிறுத்திவைக்க முடியுமா? 5.40 வண்டிக்கு எதிரே அவன் பெயரை அடித்தேன். ஸ்பேர் பெயரை எழுதினேன். போர்டில் ஒட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 5, வியாழன்

வந்திருக்கிறான்!

எனக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. போனபிறகுதான் தெரிந்தது. ஐந்து மணிக்கெல்லாம், தேய்த்த சீருடையோடு வந்து நின்றிருக்கிறான். ஸ்பேர் ஓட்டுநர் ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். தம்பி போர்டைப் பார்த்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான்.

அதோடு முடியவில்லை. என் பென்சில் அடித்த பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதுவது விடியற்காலை எழுத்தரின் பழக்கம். நிமிர்ந்து பார்க்கமாட்டார். இன்றும் எழுதிவிட்டார். வந்து நின்றவன் தாளில் வராதவன் ஆகிவிட்டான்.

போன் செய்தேன். "நான் வரமாட்டேன்னு நீயே எழுதி ஒட்டிட்டே. அப்புறம் நான் வந்தா என்ன, வராட்டி என்னக்கா?" என்றான். வைத்துவிட்டான்.

அய்யோ, நான் என்னடா பண்ணிட்டேன். ஒரு போன்... ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே.

மார்ச் 6, வெள்ளி

இன்று ஸ்பேர் ஓட்டுநர் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தார். மனசு கேட்கவில்லை, ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. சாயங்காலம் ஆனா எல்லாரும் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு போர்டைப் படிக்கச் சொல்லுவாங்க. நீங்க பேரை அடிச்சிருந்தீங்கன்னா, சரி, நாளைக்கு லீவுன்னு படுத்துருவாங்க. உங்க தம்பி புதுசு பாருங்க, இந்தப் பழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லல."

உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தேன். பத்தொன்பது வருடம்! நான் அவர்களைப் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர்கள் என் போர்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்பதால் நான் எழுதவில்லை, நான் எழுதியதால் அவர்கள் வரவில்லை. போர்டைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு வந்தவன் தம்பி ஒருவன்தான். அவன் விஷயத்தில்தான் என் கணக்கு தப்பாகிப் போனது.

நேரே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "எழுத்துல குடுங்க" என்றார். கொடுத்தேன். 'என் தவறு' என்ற சொற்களை இந்த அலுவலகத்தில் நான் எழுதுவது இதுவே முதல்முறை. பதிவேட்டைத் திருத்தினார். "செவ்வாய்க்கிழமை 5.40 வண்டிக்கு வரச்சொல்லுங்க. அன்னைக்கும் வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ணமுடியாதும்மா."

தம்பி போனை எடுக்கவில்லை. அவன் மனைவிதான் பேசினாள். "பேசவே மாட்டேங்கிறாரு அண்ணி. சொல்லிப்பாக்கறேன்."

மார்ச் 7, சனி

நான் எழுதுவதால்தான் எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. நாளைக் காலை கணவர் நீலச் சட்டைதான் போடுவார். இங்கே எழுதிவிட்டேன். அவரிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நீலம்தான்! அலமாரியைத் திறந்தார், வெள்ளையைத் தொட்டார், விட்டார், நீலத்தை எடுத்தார். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் நோட்டு மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. அவர் வெள்ளையை எடுத்திருந்தால் என் வரிதான் பொய்யாகியிருக்கும், அவருக்கு ஒரு தடையும் இல்லை.

மதியம் வெளியே கிளம்பும்போது, "பழுப்புச் செருப்பைத்தான் போடுவீங்க, எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடிக்கிற கறுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே போனார். வீம்பு!

ஆக, தெரிந்துவைத்திருப்பதில் குற்றமில்லை. ஒருவர் செய்யப்போவதை இன்னொருவர் முன்கூட்டியே அறிந்தாலும், செய்கிறவர் அவரேதான். அதை எழுதி அவர் வழியில் ஒட்டிவைத்தால்தான் வம்பு. ஒன்று பணிந்துபோகிறார்கள், இல்லை முறைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் முன்பே அறிந்த கடவுள் என்று ஒருவர் இருந்தால், இதுவரை எந்த போர்டிலும் எதையும் ஒட்டாமல் இருக்கிறாரே, விவரமானவர்தான்.

மார்ச் 9, திங்கள்

நாளைக்கான ஷீட்டை ஒட்டிவிட்டேன். யார் பெயரையும் அடிக்கவில்லை. பென்சிலை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். "நாளைக்கு வண்டி நின்னா?" என்று கேட்டார். ஸ்பேர் ஓட்டுநர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், ஆள் வராவிட்டால் 5.40க்கு ஏறிக்கொள்ளட்டும், அதற்கு முன்னால் வேண்டாம் என்றேன். சின்ன விஷயம். பத்தொன்பது வருடமாகத் தோன்றவில்லை.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்: 'உன் பேர் போர்டுல இருக்கு. அடிக்கல.' பார்த்துவிட்டான்.

அவன் நாளை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். இந்த நோட்டிலும் எழுதமாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நாலரைக்கே எழுந்து பணிமனைக்குப் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. எழுத்தரிடமிருந்து பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நேரே உட்கார்ந்தேன். ஐந்து அடித்தது. ஐந்தே கால். ஐந்தரைக்கு ஸ்பேர் ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

5.34க்கு வந்தான். சீருடையில் ஒரு கசங்கல்கூட இல்லை. நேரே போர்டுக்குப் போய்த் தன் பெயரைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"வருவேன்னு தெரியுமாக்கா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்று அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், தெரியும் என்று இந்த நோட்டிலும் ஜம்பமாக எழுதினேன். "தெரியாதுடா" என்றேன்.

சிரித்துவிட்டான். ஏறி உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தூணுக்கு ஒரு முழம் தள்ளியே வண்டியை எடுத்தான்.

வண்டி வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று எழுதினேன்.