பரணில் சொல்லாத பெயர்

தொண்டைக்குள் வெண்கலம் வைத்திருந்த என் மச்சானுக்கு,

உன் பெயரை இதில் எழுதப் போவதில்லை. கோபிக்காதே. உயிரோடு இருக்கும்போது உன்னைத் தவளை என்று கூப்பிட்டேன், அதற்கே நீ கோபித்ததில்லை. உன் ஆண்டுத் திவசச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் இதை வாசிக்கப் போகிறேன். வடையை முடித்துவிட்டுக் கேட்கட்டும். கேட்டதை இந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டுக்கு வெளியே கொண்டுபோகாமல் இருக்கட்டும்.

உன் இசைத்தட்டு கலைக்களஞ்சியத்தில் ஏறியிருக்கிறது, தெரியுமா? எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து இங்கே டொராண்டோவில் ஒன்று போட்டிருக்கிறார்கள். தமிழ் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம். பொறுப்பு ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர். அங்கே படிப்பித்தவர், இங்கே மிசிசாகாவில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. உன்னைப் பற்றி இரண்டு வரிதான் வைத்திருந்தார்.

"நீங்கள்தானே அண்ணை அவருக்கு டோலக் அடிச்சனீங்கள்? உதைக் கொஞ்சம் திருத்தித் தாங்கோ" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் கட்டுரை திருத்தச் சொன்னால் விடுவேனா? கொழும்பில் ஒலிப்பதிவு அறை வாசலில் நீ பயபக்தியோடு கழற்றி வைத்த செருப்பை யாரோ கொண்டுபோனதைச் சொன்னேன். அட்டைப் படத்தில் நீ போட்டிருப்பது என் சட்டை என்று சொன்னேன். ஊர், வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை, என் தங்கச்சி அந்த இசைத்தட்டை இன்னும் அலுமாரியில் வைத்திருப்பது, எல்லாம் சொன்னேன். 'பிறகு' என்பதற்கு நான் 'மறுகா' என்று சொல்லும்போதெல்லாம் மாஸ்டருக்குச் சிரிப்பு.

மறுகா, எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். 'பெடியள் வாறாங்கள், பந்தத்தைத் தூக்கு' என்ற பாட்டு வந்ததும் குரலை உயர்த்தினார். "இயக்கப் பெடியளை வரவேற்று அன்றைக்கே பாடப்பட்ட வீரப் பாடல்!"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன், மச்சான்.

நீ எண்பத்து மூன்று கலவரத்துக்கு முதலே போய்விட்டாய். நீ போகும்போது பெடியள் என்றால் வெறும் பையன்கள்தான். இப்போது அந்தச் சொல்லோடு தோளில் தொங்கும் துவக்கும் சேர்ந்து வருகிறது. வயல் பரணில் இரவுக் காவல் இருக்கும்போது, பெயரைச் சொன்னால் அதுகள் வயலுக்குள் இறங்கிவிடும் என்று என் வாயைப் பொத்தியவன் நீதானே? "பெடியள் எண்டு சொல்லுடா" என்று பழக்கினாய். அதையே பாட்டாகவும் கட்டினாய்.

"மாஸ்டர், இது அவங்க இல்ல. இது நாலு கால்ல வாற ஆக்கள். மூக்கால வரம்பைக் கிண்டுறவங்க."

"காட்டுப் பண்டியோ அண்ணை?"

"மெல்லப் பேசுங்க!"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உதை எழுதினால் இஞ்ச இயக்கத்து ஆக்கள் என்னை விடுவினமோ? பெடியளைப் பண்டி எண்டு எழுதிப்போட்டான் எண்டு வந்து கதவைத் தட்டுவினம்."

"எழுதாம விட்டா அங்க ஆமி என்ர தங்கச்சிட கதவைத் தட்டுவாங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், ஆமி வீட்டைச் சோதித்ததாம். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன இது என்று கேட்டானாம் ஒருவன். "பாட்டு" என்றாளாம். தமிழ் வாசிக்கத் தெரியாதவன், திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இப்போது அவனுக்கு இங்கிலீஷில் விளக்கம் சொல்லி, வீட்டு ஒழுங்கையும் காட்டப் பார்த்தேனே! தட்டை உடைத்துவிடு என்று எழுதவும் பயம், கடிதங்களைப் பிரிக்கிறார்களாம். எழுதினாலும் உடைப்பாளா? அதில் இருப்பது உன் குரலல்லவா?

மாஸ்டர் பேனையை எடுத்து வெட்டத் தொடங்கினார். ஊர் போனது. ஒழுங்கை போனது. தங்கச்சி போனாள். பாட்டு வெறும் 'காவல் பாட்டு' ஆனது. செருப்புக் கதை மட்டும் தப்பியது. நான் திருத்திய லட்சணம் இதுதான்.

போன கிழமை புத்தகம் வந்தது. தமிழ்ப் பக்கத்தை எழுத்தெழுத்தாக வாசித்தேன், சுத்தம். ஆனால் இங்கிலீஷ்? "அதையும் மாத்தினனான் அண்ணை" என்று மாஸ்டர் சத்தியம் பண்ணுகிறார். நம்புகிறேன். என் வயிறு நம்பவில்லை. பெடியளுக்கு இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டு, ஒரு துண்டில் எழுதி வாங்கினேன். நாலு எழுத்து. முதலாவதுக்கு இரண்டு வயிறு, அடுத்தது முட்டை, அடுத்தது கல்லடிக்கும் கெற்றப்போல், கடைசி பாம்பு.

விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். முட்டையும் பாம்பும் நிறைய. நாலும் வரிசையாக எங்கும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பக்கத்து வீட்டு அன்ரியிடம், பக்கத்தைக் காட்டாமல், அந்தத் துண்டை மட்டும் நீட்டி என் படிப்பைப் பெருமையாகச் சொன்னேன்.

"அங்கிள், உது பெரிய எழுத்தெல்லோ! புத்தகத்தில சின்ன எழுத்து வேற மாதிரி இருக்குமே."

முதல் எழுத்துக்குச் சின்னதில் ஒரு வயிறுதானாம். அதையும் துண்டில் எழுதி வாங்கினேன். நாளைக்கு முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

தங்கச்சி இங்கே வந்து சேரும்வரை அந்தப் பாட்டை வாய் திறந்து பாடமாட்டேன், மச்சான். அவள் வந்த அன்றைக்கு டோலக்கை எடுப்பேன். அதுகளின் சொந்தப் பெயரையே போட்டு இரண்டு பேருமாக உரத்துப் பாடுவோம். வயலுக்குள் இறங்கினால் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் மனுசியின் அண்ணன், அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரன்.